லேத்தில் இழைச்ச ஃப்ளைவீல் வேண்டாங்க
காருக்கு லேசான ஃப்ளைவீல் (இன்ஜின் சுழற்சியைச் சீரா வைக்கிற கனமான சக்கரம்) போடறதைப் பத்தின கட்டுரையில, "வண்டியோட வந்த ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்து மூணு கிலோ குறைச்சாப் போதும்"னு சொன்னதுதான் இடிக்குதுங்க. கோயமுத்தூர்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனா வண்டியோட வர்ற ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கிளட்ச் உரசுற முகத்துக்குப் பின்னால மெலிஞ்சா, சூட்டுல மயிரிழை வெடிப்பு விழும். 7000 ஆர்பிஎம்ல அது சிதறினா அதைச் சுத்தி மூடியிருக்கிற பெல்ஹவுசிங் கூடு தாங்காது. முழு எஃகுக் கட்டியில கடைஞ்செடுத்த லேசான ஃப்ளைவீலை பேலன்ஸ் பார்த்து வாங்குங்க. தினமும் அவிநாசி ரோட்டு சிக்னல்ல ஊர்ற காருக்கு, நடுவுல ஸ்பிரிங் வச்ச ஆர்கானிக் (சாதாரண நார்க்கலவை) கிளட்ச் டிஸ்க்தான் தோது. செராமிக் டிஸ்க் போட்டா கிளம்புறப்பெல்லாம் உதறும். டூயல் மாஸ் (நடுவுல ஸ்பிரிங் வச்சு ரெண்டு துண்டா வர்ற ஃப்ளைவீல்) இருந்த வண்டில ஒத்தைத் துண்டு ஃப்ளைவீல் போட்டா நியூட்ரல்ல கடகடங்கும். கிளட்சை மிதிச்சதும் நின்னா அது கியர் சத்தம், பயமில்லை. கியர்பாக்ஸ் இறக்கினப்பவே ரிலீஸ் பேரிங் (மிதிக்கிறப்ப கிளட்சை விடுவிக்கிறது), இன்ஜின் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட் எல்லாம் புதுசா போட்டுருங்க. அப்புறம், ஃப்ளைவீல் லேசாயிட்டதால, திம்பம் மலை ஏத்தத்துல நின்னு கிளம்பறப்ப ஆக்சிலரேட்டரை ஒரு பிடி கூட மிதிக்கோணும், இல்லீன்னா பொசுக்குன்னு அணைஞ்சுரும்.