மிச்சக் கண்ணாடியில் செய்த கார் இல்லை அது

மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200 என்ற ஒரு குட்டிக் காரின் கறுப்பு வெள்ளைப் படம் அடிக்கடி கண்ணில் படும். மூன்று சக்கரம், ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார இடம், தலைக்கு மேல் போர் விமானத்தில் இருப்பதுபோல் கண்ணாடிக் கூண்டு. கீழே தவறாமல் ஒரு கதையும் இருக்கும். போரில் தோற்ற ஜெர்மனியில் விமானம் கட்டத் தடை. கிடங்கில் கிடந்த விமானக் கூண்டுகளை வீணாக்காமல், போர் விமானம் செய்துவந்த மெஸ்ஸர்ஷ்மிட் கம்பெனி சக்கரம் மாட்டி விற்றுவிட்டது என்று. தடை இருந்தது நிஜம். மிச்சக் கூண்டு கதை சுத்தப் புருடா. அந்தக் கூண்டு இந்தக் காருக்கென்றே செய்தது.

பொய் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பொய், வண்டியை யோசித்த ஆளையும் யாருக்காக யோசித்தார் என்பதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் பெயர் ஃபிரிட்ஸ் ஃபெண்ட். விமானப் பொறியாளர். போர் முடிந்ததும் பவேரியாவில் ரோசன்ஹைம் என்ற ஊரில் சின்னப் பட்டறை போட்டு, 1948 வாக்கில் 'ஃபிளிட்சர்' என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தார். போரில் கால் போனவர்கள் ஊரெங்கும் இருந்த காலம் அது. அவர்களுக்காக முதலில் செய்தது கையால் தள்ளி இழுத்து ஓட்டும் வண்டி, என்ஜினே கிடையாது. அப்புறம் 38 சிசி சைக்கிள் என்ஜின், பிறகு கொஞ்சம் பெரியது. அவர் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது: இரண்டு காலும் நன்றாக இருந்தவர்களும் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். கார் வாங்கக் காசில்லை, மோட்டார் சைக்கிளில் போனால் மழையும் பனியும் வாட்டி எடுக்கிறது. நடுவில் ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள்.

1952-ல் ஃபெண்ட் இந்த யோசனையோடு மெஸ்ஸர்ஷ்மிட்டிடம் போனார். அவர்களுடைய ரேகன்ஸ்பர்க் ஊர்த் தொழிற்சாலை சும்மா கிடந்தது. கம்பெனி தையல் மெஷின் செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தது. 1953-ல் கே.ஆர். 175 வெளிவந்தது, 1955-ல் அதைத் திருத்தி கே.ஆர். 200.

இப்போது வண்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஸ்டீயரிங் வட்டம் இல்லை, ஸ்கூட்டர்போல் ஒரு ஹேண்டில்பார். 175-ல் ஆக்ஸிலரேட்டரும் கைப்பிடியை முறுக்குவதுதான். இதை 'விமான ஸ்டைல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் தெரிவது, கையால் மட்டுமே ஓட்ட வேண்டியவருக்குச் செய்த வண்டியின் சாயல். 200-ல்தான் ஆக்ஸிலரேட்டர் காலுக்குப் போனது.

விமானக்காரரின் மூளை வேலை செய்த இடம் வேறு. இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் வண்டி அகலமாகும், காற்று அதிகம் தடுக்கும். ஒருவர் பின்னால் ஒருவர் என்றால் உடம்பு ஒல்லியாகிவிடும். கே.ஆர். 200-ல் இருந்தது 191 சிசி டூ ஸ்ட்ரோக், 10 குதிரைசக்தி. எடை சுமார் 230 கிலோ. ஆனாலும் மணிக்கு 90 கிலோமீட்டர் போகும். அதே காலத்து பிஎம்டபிள்யூ இசெட்டா, முன்பக்கமே கதவாகத் திறக்கும் அந்த உருண்டைக் கார், 12 குதிரைசக்தி வைத்துக்கொண்டு 85-ஐத் தாண்டத் திணறியது. இசெட்டா ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்று பிஎம்டபிள்யூவைக் காப்பாற்றிய வண்டி, மறுக்கவில்லை. ஆனால் டிசைன் என்று வந்தால் என் ஓட்டு ஃபெண்டுக்குத்தான்.

ரிவர்ஸ் போவது இன்னும் அழகு. தனி ரிவர்ஸ் கியர் கிடையாது. என்ஜினை அணைத்துவிட்டு, சாவியை வழக்கத்தைவிட உள்ளே அழுத்தித் திருப்பினால் என்ஜின் எதிர்த்திசையில் ஸ்டார்ட் ஆகும். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை; பிஸ்டன் ஏறி இறங்குவதிலேயே துளைகள் திறந்து மூடுகின்றன, அதனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஓடும். பொறி விழும் நேரத்தை மட்டும் சரிக்கட்ட, அதைத் தூண்டும் பாயிண்ட் (மின் தொடுமுனை) இன்னொரு ஜோடி. (பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கில் டைமிங் கெட்டு என்ஜின் திருப்பிச் சுற்றியதை நம்மூர் மெக்கானிக்குகள் பார்த்திருப்பார்கள்.) முன்னால் போக நாலு கியர் என்றால் பின்னால் போகவும் அதே நாலு. நாலாவது கியரில் பின்னால் போக யாருக்குத் துணிச்சல் வரும் என்பது வேறு விஷயம்!

குறை இல்லாமல் இல்லை. வெயிலில் அந்தக் கூண்டுக்குள் வெந்துபோவோம். ஏறி இறங்கக் கூரையையே பக்கவாட்டில் தூக்க வேண்டும், மழை பெய்தால் சீட்டெல்லாம் ஈரம். சத்தம், புகை வேறு. ஆனால் பொம்மை என்று சிரித்தவர்களுக்கு 1955-லேயே பதில் கிடைத்தது. ஹாக்கன்ஹைம் பந்தயத் தடத்தில், கூண்டைக் கழற்றி மாற்றியமைத்த ஒரு கே.ஆர். 200 சராசரியாக 103 கிலோமீட்டர் வேகத்தில் 24 மணிநேரம் ஓடி, தன் வகுப்பில் 22 சாதனைகளை முறியடித்தது.

'க்யூட்' என்று இதயம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி மூக்கில் உள்ள பெயர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டுடையது. அவர் கம்பெனியின் போர் விமானப் பாகங்களை வதைமுகாம் கைதிகள் அடிமைகளாக நின்று செய்தார்கள். போருக்குப் பின் விசாரணையில் அவரை நாஜிகளோடு 'சேர்ந்து போனவர்' என்ற வகையில் போட்டு விட்டுவிட்டார்கள். அதனால்தான் நான் இதை ஃபெண்டின் கார் என்றே சொல்கிறேன். விமானம் கட்டும் தடை நீங்கியதும் மெஸ்ஸர்ஷ்மிட் இதைக் கைகழுவிவிட்டார். பிரேக் பாகங்கள் சப்ளை செய்த ஒருவரோடு சேர்ந்து ஃபெண்டே தொழிலை எடுத்து நடத்தினார்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. ஜெர்மானியர் கையில் காசு புழங்கியது, நாலு பேர் உட்கார முழுக் கார் வேண்டும் என்றார்கள். 1959-ல் இங்கிலாந்தில் மினி என்ற கார் வந்தது. இந்த மாதிரிக் குமிழிக் கார்களைத் தெருவிலிருந்து விரட்ட வேண்டும் என்பதே அதைச் செய்யச் சொன்ன முதலாளியின் ஆசை. 1964-ல் கே.ஆர். 200 தயாரிப்பு நின்றது.

ஐம்பது வருடம் கழித்து, ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் ட்விஸி என்ற மின்சார வண்டியை பிரெஞ்சு கம்பெனி ரெனோ கொண்டுவந்தபோது புதுமை என்றார்கள். பேட்டரியோடு அதன் எடை 450 கிலோவுக்கு மேல். கதவுகூட ஆரம்பத்தில் தனிக் காசு. ஒப்பிட்டுப் பார்த்தால் ஃபெண்ட் பக்கம்தான் கணக்கு நிற்கிறது.