ஃப்ரிடாவின் முகத்தைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை அந்த ஜூம் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டும் சுற்றி முடித்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. "ஃப்ரிடா காலோவா? அந்தம்மா அந்தக் காலத்து செல்ஃபி கேஸ்" என்றார் ஒருவர், மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடாவைப் பற்றி. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது. நான் மைக்கை ஆன் செய்தபோது "நேரமில்லை மேடம்" என்றார்கள். சரி, இங்கே நேரம் நிறைய இருக்கிறது.

ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார் என்பதுதானே புகார்? ஆமாம், வரைந்தார். அவருடைய சுமார் 150 ஓவியங்களில் மூன்றில் ஒரு பங்கு அவர் முகம்தான். ஆனால் அந்த முகம் ஒன்றுதான் அங்கே அசையாமல் இருக்கிறது. சுற்றியுள்ள எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. உடை மாறுகிறது, உடம்பு மாறுகிறது, நிற்கும் நாடு மாறுகிறது, ஆணா பெண்ணா என்பது மாறுகிறது, மனுஷியா மானா என்பதுகூட மாறுகிறது. முகத்தை விட்டுவிட்டுச் சுற்றி நடப்பதைப் பாருங்கள் என்றுதான் நான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

1932-ல் அமெரிக்காவின் டெட்ராய்டில் கணவர் டியேகோ ரிவேரா சுவரோவியம் வரைந்துகொண்டிருந்த நேரம், ஃப்ரிடாவுக்குக் கரு கலைகிறது. அதை உலோகத் தகட்டில் வரைகிறார். விபத்திலிருந்தோ நோயிலிருந்தோ பிழைத்தவர்கள் சின்னத் தகரத்தில் அந்தச் சம்பவத்தையும் காப்பாற்றிய புனிதரையும் வரைந்து கோயிலில் மாட்டுவது மெக்சிகோ மக்களின் வழக்கம். நம் ஊரில் கண்மலர் சாத்துவதுபோல ஒரு நேர்த்திக்கடன். ஃப்ரிடா அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார், ஆனால் காப்பாற்றிய புனிதரை மட்டும் காணோம். ரத்தம் படிந்த கட்டிலில் அம்மணமாக அவர். கையிலிருந்து சிவப்பு நாடாக்கள் கிளம்பி ஆறு பொருள்களில் போய் முடிகின்றன: சிசு, நத்தை, இடுப்பெலும்பு, ஒரு இயந்திரம், ஆர்க்கிட் பூ, பெண் உடலின் மாதிரி. தூரத்தில் தொழிற்சாலை. இதுவா செல்ஃபி? இதை எந்த ஃபில்டரில் எடுத்தீர்கள் ஐயா?

1939-ல் 'இரு ஃப்ரிடாக்கள்'. ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடிக்கு ஐந்தே முக்கால் அடி. அந்த வருடம்தான் விவாகரத்து. ஐரோப்பிய பாணி வெள்ளை கவுனில் ஒருத்தி, மெக்சிகோவின் தெவானா உடையில் இன்னொருத்தி, கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு இதயமும் வெளியே தெரிகின்றன. இரண்டையும் ஒரே ரத்தநாளம் இணைக்கிறது. தெவானாக்காரி கையில் சிறுவன் டியேகோவின் சின்னப் படம், அதிலிருந்துதான் நாளம் கிளம்புகிறது. வெள்ளை கவுன்காரி தன் பக்கத்து முனையை இடுக்கியால் பிடித்து ரத்தத்தை நிறுத்தப் பார்க்கிறாள். நிற்கவில்லை, மடியில் சொட்டுகிறது. அப்பா ஜெர்மனியிலிருந்து வந்த புகைப்படக்காரர், அம்மா ஸ்பானிய, பழங்குடிக் கலப்பு. நான் எந்தப் பக்கம் என்ற கேள்வியை இவ்வளவு பச்சையாகப் போட்டு உடைத்த படம் வேறு இருந்தால் காட்டுங்கள். இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது?

அடுத்த வருடமே ஒரு படத்தில் முடியை வெட்டிப்போட்டு, தொளதொள ஆண் கோட்டில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையில் கத்தரிக்கோல், தரை முழுக்க முடி. 1946-ல் ஒன்பது அம்பு தைத்த மான். கொம்பு ஆண் மானுக்கு, முகம் ஃப்ரிடாவுக்கு. நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று தோன்றும், தோன்றட்டும். முகம் அதேதான், கேள்வி ஒவ்வொரு முறையும் வேறு.

என் கதையைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு உடைந்து நான் படுத்திருந்தது இங்கே பழைய நண்பர்களுக்குத் தெரியும். மார்பிலிருந்து இடுப்பு வரை பெல்ட். அதைக் கழற்றினால் உடம்பு யாருடையதோ மாதிரி இருக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்ன வாக்கியம்: "முகத்துல ஒண்ணும் அடிபடலைல்ல, அது போதும்மா." ஒரு அத்தை அதைச் சொல்லிவிட்டு ஆப்பிளும் நறுக்கிக் கொடுத்தார். நல்ல மனுஷிதான். ஆனால் கழுத்துக்குக் கீழே நான் யார் என்று எனக்கே தெரியாத நாள்களில், முகம் பத்திரமாக இருக்கிறது என்ற வாழ்த்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போது ஃபோனில் பார்த்ததுதான் 'உடைந்த தூண்', 1944. கழுத்துக்குக் கீழே உடம்பு பிளந்து கிடக்கிறது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் துண்டு துண்டாக ஒரு கிரேக்கத் தூண். பட்டைகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன, உடம்பெல்லாம் ஆணி. முகம்? முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணீர் மட்டும் இருக்கிறது. அத்தை சொன்னதைத்தான் இந்தப் பெண்ணிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஏன் தன்னையே வரைந்தார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 1925 செப்டம்பரில் பஸ்மேல் டிராம் மோதி, இரும்புக் கம்பி இடுப்பைத் துளைத்தபோது அவருக்கு 18 வயது. படுத்தபடி வரைய அம்மா ஒரு ஸ்டாண்ட் செய்யச் சொன்னார், கட்டிலுக்கு மேலே கண்ணாடி வைத்தார்கள். கண்ணைத் திறந்தால் தெரியும் ஆள் ஒருவர்தான். வேறு யாரை வரைவார், உங்களையா?

இனி கமெண்ட்டில் வரப்போவதற்கு வருகிறேன். "சர்ரியலிசம் என்றாலே புரியாத கனவுதானே" என்பவர்களுக்கு: 1938-ல் மெக்சிகோ வந்த, அந்தக் கலை இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன்தான் அவரைத் தன் கோஷ்டியில் சேர்த்தார். கனவை இல்லை, என் நிஜத்தையே வரைகிறேன் என்று ஃப்ரிடாவே மறுத்திருக்கிறார். "நம்ம ஊரில் ஓவியர்கள் இல்லையா?" இருக்கிறார்கள், எழுதுங்கள், படிக்கிறேன்.

"ரிவேரா மனைவி என்பதால்தான் பெயர்" என்பது இன்னொன்று. இதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 1939-ல் பாரிஸ் கண்காட்சியிலிருந்து அவருடைய ஒரு தன்னுருவப் படத்தை பிரெஞ்சு அரசு வாங்கியது. அவருடைய 'டியேகோவும் நானும்' படம் 2021-ல் ஏலத்தில் சுமார் 3.5 கோடி டாலருக்குப் போனது. ரிவேராவின் எந்தப் படமும் அதுவரை ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. விலையை வைத்துப் பேசுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் சிலருக்கு அந்த மொழிதான் புரிகிறது.

"இப்போது அவர் வெறும் பிராண்ட்தானே, டீ ஷர்ட்டிலும் கப்பிலும் இருக்கிறார்" என்றால், அது அவர் செய்ததா? அவர் 1954-லேயே போய்விட்டார். 2018-ல் ஃப்ரிடா பார்பி பொம்மை வந்தது. அந்தப் பிரசித்தமான கூட்டுப்புருவத்தை மெலியவைத்து, மீசை ரோமத்தைத் துடைத்துவிட்டு. குடும்பத்தினர் வழக்குப் போட்டு மெக்சிகோவில் விற்பனைக்கு இடைக்காலத் தடை வாங்கினார்கள். அவரே ஒளிக்காமல் வரைந்து வைத்த மீசையைக் கம்பெனி மழித்துவிடுகிறது, பழி மட்டும் அவருக்கு.

பிறந்தது 1907-ல், மெக்சிகோ புரட்சி வெடித்த வருடமான 1910 என்று சொல்லிக்கொண்டார், பொய்தானே என்பார்கள். ஆமாம், சொல்லிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ரெம்ப்ராண்ட் தன்னைத் தானே சுமார் 40 முறை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அதற்கு 'ஆன்ம தேடல்' என்று கட்டுரை எழுதுகிறீர்கள். வான் கோ முப்பதுக்கும் மேல், மாடலுக்குக் கொடுக்கக் காசில்லை பாவம் என்கிறீர்கள். உண்மைதான், பாவம்தான். எழுந்து உட்கார முடியாமல் படுத்தவளிடம் மட்டும் ஏன் அந்தப் பாவம் வருவதில்லை? 1953-ல் மெக்சிகோவில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி. ஆம்புலன்ஸில் வந்தார். கட்டிலை முன்னாலேயே கொண்டுவந்து அரங்கத்தின் நடுவில் போட்டிருந்தார்கள், அதில் படுத்தபடி வந்தவர்களிடம் பேசினார். சில மாதங்களில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெண் தன் வலியைச் சொன்னால் சுயபுராணம். ஆண் சொன்னால் இலக்கியம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், கூட்டத்திலும் அப்படித்தான், இங்கே கமெண்ட்டிலும் அப்படித்தான் இருக்கப்போகிறது.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று இன்பாக்ஸில் இப்போதே இரண்டு பேர் கேட்டாயிற்று. இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்தவர்கள். ப்ளாக் செய்யவில்லை, படிக்கட்டும்.