தோல் ஷூவும் மும்பை மழையும்

வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்கள் தினமும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, டை, தோல் ஷூவோடு போக வேண்டும் என்கிறது அலுவலக உடை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் அது நடக்குமா? புறநகரான டோம்பிவிலியில் லோக்கல் ரயில் ஏறி தாதரில் இறங்குவதற்குள் சட்டை கசங்கிவிடும். தாதர் அருகே ஹிந்த்மாதா பக்கம் தண்ணீர் தேங்கினால் ஷூ கதி அதோகதிதான். முதல் சம்பளத்தில் தாராவியில் ஆசையாக வாங்கிய ஷூ, அந்த மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடித்துப் போனது எனக்கு. இப்போது ரப்பர் செருப்போடு போய், மேஜைக்கடியில் வைத்திருக்கும் ஷூவை மாட்டிக்கொள்கிறேன். சட்டைக்கு லினன் துணி வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் கலந்த பருத்திதான் கூட்டத்தைத் தாங்கும். அப்புறம், ஈர சாக்ஸ் நாற்றம் ஏசி அறையில் நன்றாகவே பரவும், மாற்று ஜோடி பையில் இருக்கட்டும். டையா? எங்கள் மேனேஜரே கட்டுவதில்லை.