ஃப்ரீசரில் வைத்தால் தோல் காலணியின் நாற்றம் நீங்குமா?

பூஞ்சை பிடித்து நாறும் தோல் காலணியைப் பையில் கட்டி ஓரிரவு ஃப்ரீசரில் வைத்தால் கிருமிகள் அனைத்தும் செத்து நாற்றம் அடியோடு போய்விடும் என்ற குறிப்பு பரவலாகப் பகிரப்படுகிறது. இது தவறு.

வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் பூஞ்சை வித்துகளும் பல பாக்டீரியாக்களும் சாவதில்லை. வளர்ச்சியை நிறுத்திக் கிடந்து, காலின் சூடும் வியர்வையும் கிடைத்ததும் மீண்டும் பெருகுகின்றன. வியர்வையையும் காலிலிருந்து உதிரும் இறந்த தோல் செல்களையும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது உண்டாகும் ஐசோவலெரிக் அமிலம் போன்ற பொருள்களே நாற்றத்துக்குக் காரணம். குளிரில் அவை ஆவியாவது குறைவதால் வாடை சற்று அடங்குகிறது, அதையே பலர் தீர்வென்று நம்பிவிடுகிறார்கள்.

நாற்றத்தைப் போக்க, முதலில் வித்துகள் அறைக்குள் பரவாதபடி காலணியை வீட்டுக்கு வெளியே வைத்து, பூஞ்சையை உலர்ந்த தூரிகையால் நீக்க வேண்டும். பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் (கிருமிநாசினியாகப் பயன்படும் ஒருவகை ஆல்கஹால்) தண்ணீரும் சம அளவில் கலந்த கரைசலில் துணியை லேசாக நனைத்துத் துடைக்கலாம். சாயம் போகக்கூடும் என்பதால் மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம். ப்ளீச் தோலைக் கெடுக்கும், வேண்டவே வேண்டாம். நாற்றம் பெரும்பாலும் ஊறிக் கிடப்பது பாதம் படியும் உள்ளட்டையில்தான் என்பதால், அதை மாற்றாமல் மேற்புறத்தை மட்டும் எவ்வளவு துடைத்தாலும் பலன் குறைவு. காலணிக்குள் காகிதம் திணித்து, நிழலில், காற்றோட்டத்தில் முழுமையாக உலர்த்திய பிறகே, காலணித் தோலை மென்மையாக வைக்கும் கண்டிஷனரைப் பூச வேண்டும். கடும் வெயிலும் ஹேர் டிரையரின் சூடும் தோலை வெடிக்கச் செய்யும்.