ஒளிப்பதிவாளரின் பெயரும் திரையில் வர வேண்டும்

போர்ச் செய்தி என்றதும் மைக்கோடு நிற்கும் செய்தியாளரின் முகம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அவருக்கு எதிரே கேமராவைத் தாங்கி நிற்பவரின் பெயர், அவர் உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் திரையில் வருவதே இல்லை. இது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

கிருஷ்ணகிரிப் பக்கம் உள்ளூர்த் தொலைக்காட்சிக்குக் கேமரா தூக்குபவன் நான். எங்கள் ஊர் எருது விடும் விழாவைப் படம் பிடிக்கும்போதே இந்தத் தொழிலின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கேமராவை வலது தோளில் ஏற்றி வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்துவிட்டால் வலப்பக்கம் முழுவதும் மறைந்துபோகும். அருகிலிருப்பதையும் தள்ளிக் காட்டும் வைட் லென்ஸில் எங்கோ தொலைவில் ஓடுவதாகத் தெரிந்த காளை, கண்ணை எடுத்துப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அதனால்தான் உடன் வருபவர் நம் இடுப்புப் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பார். போர்முனையிலும் கண் அதே சிறு சட்டத்துக்குள்தான் அடைபட்டிருக்கிறது.

அங்கே கேமராவே ஆயுதமாகவும் பார்க்கப்படுகிறது. 2003 ஆகஸ்டில் பாக்தாத் அருகே அபு கிரைப் சிறைக்கு வெளியே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் மாசென் டானாவைச் சுட்டுக் கொன்ற அமெரிக்கப் படையினர், அவர் தோளிலிருந்ததை ராக்கெட் லாஞ்சர் என்று நினைத்துவிட்டதாகக் கூறினார்கள். 2008 ஏப்ரலில் காசாவில் அதே நிறுவனத்தின் ஃபாதல் ஷானா, தூரத்தில் நின்ற இஸ்ரேலிய டாங்கியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, அந்த டாங்கி ஏவிய குண்டே அவரைக் கொன்றது. குண்டு புறப்படும் கணம் வரை அவருடைய கேமராவில் பதிவாகியிருந்தது. அவர் பிரஸ் என்று எழுதிய கவச உடைதான் அணிந்திருந்தார்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 அக்டோபர் 30 அன்று, சத்தீஸ்கர் தேர்தல் செய்திக்காகத் தந்தேவாடா சென்ற தூர்தர்ஷன் ஒளிப்பதிவாளர் அச்சுதானந்த சாகு மாவோயிஸ்ட் தாக்குதலில் உயிரிழந்தார். அந்தக் குழுவின் உதவியாளர் தரையில் படுத்தபடி, தான் பிழைப்பது சந்தேகம் என்று தன் தாய்க்குக் கைப்பேசியில் பதிவு செய்த காணொளியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

போர்ப்பகுதியில் பணிபுரியும் பத்திரிகையாளர் பொதுமக்களாகவே கருதப்பட வேண்டும் என்று போர்க்கால விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட கூடுதல் நெறிமுறை சொல்கிறது. 2006இல் ஐ.நா. பாதுகாப்பு அவையும் 1738ஆம் தீர்மானத்தில் அதை வலியுறுத்தியது. ஆனாலும் 2023 டிசம்பரில் கான் யூனிஸில் காயமடைந்த அல் ஜசீரா ஒளிப்பதிவாளர் சமேர் அபு தக்கா, ஆம்புலன்ஸ் அணுக முடியாமல், பல மணி நேரம் இரத்தம் வழிந்தே இறந்தார்.

எனவே, மாதச் சம்பளமில்லாமல் காட்சிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் ஸ்ட்ரிங்கராக இருந்தாலும், ஆபத்தான இடத்துக்கு அனுப்பும் நிறுவனம் காப்பீட்டுப் பத்திரத்தையும் தலைக்கவசத்தையும் கையில் கொடுத்த பிறகே அனுப்ப வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவிப் பயிற்சியை, தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டத் தலைநகரங்களிலேயே செய்தியாளர்களுக்கும் ஒளிப்பதிவாளர்களுக்கும் சேர்த்தே நடத்த வேண்டும். செய்தியின் முடிவில் செய்தியாளர் பெயரோடு ஒளிப்பதிவாளர் பெயரையும் போடுவதற்கு ஒரு பைசாகூடச் செலவில்லை என்பதால், அதை இன்றைய மாலைச் செய்தியிலிருந்தே தொடங்கலாம்.