இறக்கத்தில் எதற்கு நியூட்ரல்?

மலைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்புகிற கூட்டம் இறங்கும் நேரத்தில் பாதை முழுக்க ஒரே கருகல் நாற்றம். முன்னால் போகிற காரின் பிரேக் விளக்கு அணைவதே இல்லை. வண்டி நிறைய ஆள், டிக்கி நிறைய மூட்டை. இதில் பெடலிலிருந்து காலையே எடுக்காமல் இறங்கினால் பிரேக் எவ்வளவுதான் தாங்கும்?

ஏறும்போது இரண்டாவது கியர் என்றால் இறங்கும்போதும் இரண்டாவதுதான்; எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக்கில் 'எல்' (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் நிலை. வேகம் கூடினால் மட்டும் அழுத்தமாக ஒரு மிதி, உடனே விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) ஆறும். ஈரம் ஏறிய பழைய 'டாட் 3' ரக பிரேக் ஆயில் 140 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கலாம். குழாயில் ஆவிக்குமிழி வந்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

பெட்ரோல் மிச்சமாம் என்று நியூட்ரலில் விடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்! இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க அது செலவாகும். பின்சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள் ஐயா.

நாற்றம் வந்துவிட்டதா, ஓரங்கட்டி அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.