அரிசியும் ரைஸ், சோறும் ரைஸா?

தமிழில் வரும் ஜப்பானியச் சொற்புத்தகங்கள் ஆங்கிலப் பட்டியலின் நகல் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது சரிதான். மன்னார்குடியில் என் அக்கா மகன் ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்குப் படிக்கிறான். அவன் புத்தகத்தில் 'கொமெ' என்றாலும் ரைஸ், 'கொஹன்' என்றாலும் ரைஸ். வயலில் நிற்கும் நெற்பயிர் 'இனெ', களத்தில் குவித்த நெல் 'மொமி', அரைத்து வந்த அரிசி 'கொமெ', தட்டில் விழும் சோறு 'கொஹன்'. நாலுக்கும் நம்மிடம் நாலு சொல் இருக்க, நடுவில் ரைஸ் எதற்கு? வைக்கோலுக்கு 'வர' என்று பையன் சொன்னதும், "வரவா, போகவா?" என்றார் திண்ணையில் இருந்த அப்பா. அந்தச் சொல்லை இனி வீட்டில் யாரும் மறக்கமாட்டோம்.

அப்புறம், உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் தருவதை நிறுத்த வேண்டும். 'கொஹன்' என்பதன் முதல் ஒலி கோவிந்தனில் வருவது, 'கொமெ'யின் முதல் ஒலி கோழியில் வருவது; எழுத்தில் இரண்டும் ஒன்று. பல்கலைக்கழகத்துக்கான சொல்லையும் படிப்பை விட்டு விலகுவதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'தைககு'தான்! முதல் பக்கத்திலிருந்தே ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவும் கூடவே இருக்கட்டும்.

ஆனால் குறில் நெடிலில் நமக்குக் கவலை இல்லை. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. இதைப் புத்தகம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.